பாலை மரத்தடியில் ஒரு காத்திருப்பு

சோளகம் எடுத்துவிட்டால் கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கடல் யாருக்கும் அடங்காது. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை அலையின் ஆட்சிதான். டொல்பின் பார்க்க வருகிறவர்கள் அதற்கு முன்பே வந்து போய்விடுவார்கள். சம்மாட்டிமார் சிலர் படகையும் வலையையும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போவதும் இந்த மாதங்களில்தான். பள்ளிவாசல்துறையைப் போன்ற ஊர்களில் கடல் கலங்கிக் கிடக்கும் இதே நேரத்தில், புத்தளம் களப்புக்கு வடகிழக்கே, கலா ஓயாவுக்கு அப்பால் இன்னொரு பருவம் பிறக்கிறது. வில்பத்துக் காட்டில் பாலை பழுக்கிறது. பாலை பழுத்தால் கரடி மரமேறும்.

வில்பத்து வழிகாட்டிகளின் கரடி நாட்காட்டி இந்த ஒற்றை வரியில் அடங்கிவிடும். ஆண்டின் மற்ற மாதங்களில் கரடியைக் காண்பது அதிர்ஷ்டம். மே கடைசியிலிருந்து ஜூலை வரையோ அது பாதி கணக்கு. எந்தப் பாலை முதலில் காய்த்தது, எதன் அடியில் மான் கூட்டம் நிற்கிறது, எந்தத் தண்டில் பட்டை புதிதாகக் கீறப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஜீப்பை நிழலில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே கணக்கைப் போட்டவர்களோடு ஒரு வெள்ளைக்காரத் துரை துவக்கோடு வந்தார். இப்போது கமெரா வருகிறது. வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் மட்டும் அப்படியே இருக்கிறது: கரடி எப்போது, எதைத் தின்னும்?

இந்தக் கேள்வியை எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது. இலங்கையிலும் இந்தியாவிலும் வாழும் இந்தக் கருங்கரடியின் உடல் முழுவதுமே ஒரு விசித்திரமான சாப்பாட்டுக்காகச் செதுக்கப்பட்டது. அதன் முதன்மை உணவு கறையான். மேல்தாடையில் நடு இரண்டு வெட்டுப்பற்கள் கிடையாது. அந்த இடைவெளி ஒரு குழாய் மாதிரி. உதடுகள் நீண்டு குவியும். நாசித் துவாரங்களை விரும்பியபடி மூடிக்கொள்ள முடியும். புற்றை நகத்தால் பிளந்து, முதலில் ‘புஸ்’ என்று ஊதி மண்ணையும் தூசியையும் விரட்டும். பிறகு மூக்கை மூடிக்கொண்டு, வாயைத் துளையில் வைத்து உறிஞ்சும். தூசுறிஞ்சி இயந்திரம் செய்கிற வேலைதான். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். கரடியைத் தேடுகிறவனுக்கு அதைவிட நல்ல துப்பு வேறு இல்லை. கரடிக்கோ, தின்னும்போது தன் சத்தமே காதை அடைத்துவிடுகிறது.

சங்கப் புலவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. அவர்கள் கரடியை ‘எண்கு’ என்றார்கள். அகநானூற்றில் அது புற்றைப் பெயர்த்துக் குரும்பியைத் தேடுகிறது. இருப்பைப் பூவைத் தின்கிறது. குரும்பி என்பது கறையான் கூட்டுக்குள் இருக்கும் சோறு போன்ற பொருள். இன்றைய விலங்கியல் நூல்களில் கரடியின் உணவுப் பட்டியலைப் புரட்டினால் கறையானும் இருப்பைப் பூவும் அதில் இருக்கும்.

ஐரோப்பிய விஞ்ஞானம் முதலில் சறுக்கியது. 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில விலங்கியலாளர் கையில் கிடைத்த மாதிரியின் நீண்ட வளைந்த நகங்களையும் விழுந்த பல்வரிசையையும் பார்த்து, இது தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கும் அசமந்த விலங்கான ‘ஸ்லொத்’தின் உறவு என்று முடிவு கட்டிப் பெயரும் சூட்டிவிட்டார். இது கரடிதான் என்று தெளிந்த பிறகும் ஆங்கிலத்தில் ‘ஸ்லொத்’ கரடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வில்பத்தில் ஒரு தடவை அது பாய்ந்து ஓடுவதைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பார்கள். தமிழில் அதற்கு அப்படி அவப்பெயர் கிடைக்கவில்லை. சிவபூசைக்குள் புகுந்த பழி மட்டும்தான். அந்தப் பழமொழியில் வரும் கரடி விலங்கல்ல, கரடிகை என்ற வாத்தியம் என்று சொல்வோரும் உண்டு.

இலங்கைக் கரடி இந்தியக் கரடியின் துணையினம். உருவில் கொஞ்சம் சிறியது, உரோமம் குட்டை, நெஞ்சிலுள்ள வெள்ளை வளைவு அவ்வளவு எடுப்பாக இராது. வேட்டை இலக்கியம் படித்தவர்கள் கரடி என்றால் கரடுமுரடான மலையையே நினைப்பார்கள். இங்கே அது சமவெளிப் பிராணி. இன்று அதன் இருப்பிடம் பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கீழே, வறண்ட வலயத்துக் காடுகளில்தான். பகலில் பாறைப் பிளவிலோ மரப்பொந்திலோ முடங்கிக்கொள்ளும். வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பும்.

பாலைக்கு வருவோம். வன்னியில் பிறந்தவர்களுக்கு இந்த மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இரும்பு போன்ற வைரம், வளர்வதோ மிக மெதுவாக. ஆனி மாதத்தில் தெருவோரம் குவித்து விற்கும் மஞ்சள் பழம், தின்றால் பாலாய் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். கரடிக்கு இது ஆண்டின் பெருவிருந்து. கறையானை ஒவ்வொன்றாக உறிஞ்சிச் சேர்க்கும் கொழுப்பை, பழக்காலத்தில் சில வாரங்களிலேயே சேர்த்துவிடலாம். எனவே அது கூச்சத்தை விட்டுப் பகலிலும் வெளியே வருகிறது, உச்சாணிக் கிளைவரை ஏறுகிறது, கிளையை வளைத்து உலுக்குகிறது. புளித்த பழத்தைத் தின்று கரடி வெறியில் தள்ளாடும் என்பது சபாரிக்காரர்களின் பிரியமான கதை. வயிறு புடைக்கத் தின்றுவிட்டு நடுப்பகல் வெயிலில் இறங்கும் எந்தப் பிராணியும் கொஞ்சம் தள்ளாடத்தான் செய்யும் என்பது இக்கட்டுரையின் தாழ்மையான அபிப்பிராயம்.

இனி துவக்கின் காலம்.

பிரித்தானியர் ஆட்சியில் வேட்டை உயர்குடிப் பொழுதுபோக்காக இருந்தது. யானைதான் முதல் பரிசு. கரடி வழியில் கிடைத்தால் சரி. அந்த வேட்டையை உண்மையில் நடத்தியவர்கள் உள்ளூர்த் தடம் பார்ப்போர். குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெருநூலில் பணிக்கர்களைப் பற்றி விரிவாக எழுதுகிறார். மூதூர், ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம்களான இவர்கள் யானையைக் கயிறெறிந்து பிடிப்பதில் வல்லவர்கள். சருகில் விழுந்த காலடியை ஓட்ட வேகத்திலேயே வாசித்துக்கொண்டு போவார்களாம். வேட்டைக்கு வரும் ஐரோப்பியர் இவர்களைத்தான் தேடிப் பிடித்து அமர்த்திக்கொண்டார்கள். துரையின் நினைவுக் குறிப்புகளில் சுட்டது துரை. காற்றுத் திசையைக் கவனித்து, எங்கே நிற்பது, எப்போது மூச்சைப் பிடிப்பது என்று சொன்னவனுக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது.

ரெனன்ட் கரடியைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறார். 1850இல் வடக்கில் கடும் வரட்சி. கரைச்சிப் பகுதியில் கரடிகள் தண்ணீருக்காக இரவில் கிணறுகளுக்குள் சறுக்கி இறங்கின. மண் வழுக்கும், திரும்ப ஏற முடியாது. காலையில் குடத்தோடு போகிற பெண்கள் கிணற்றுக்குள் கரடி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார்கள். அது அடிக்கடி நடக்கவே, பெண்கள் தண்ணீர் அள்ளப் போவதே நின்றுபோனதாம். இன்றைய கிளிநொச்சியில் இதைச் சொன்னால் கட்டுக்கதை என்பார்கள். கரைச்சியில் கரடிகள் அவ்வளவு அடர்த்தியாக இருந்த காலமும் இருந்திருக்கிறது.

அந்தக் கிணறுகளிலேயே வேட்டையின் இரண்டாவது சூத்திரமும் கிடக்கிறது. பழக்காலத்தில் பாலை மரம். வரட்சிக் காலத்தில் நீர். ஓகஸ்ட், செப்டெம்பரில் காட்டுக் குளங்கள் வற்றி, பாறைக் குழிகளில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். அவற்றுக்கு மேலே பரண் கட்டி நிலவில் காத்திருந்தால் போதும். ஓடவும் வேண்டாம், மலை ஏறவும் வேண்டாம். தாகத்தில் வருகிற விலங்கைக் குறிபார்ப்பதில் என்ன வீரம் என்ற கேள்வி வேட்டைக்காரர்களிடையேயே எழுந்தது. வேட்டைக்கு ஒழுங்கு வேண்டும் என்று தோட்டத் துரைமார் 1894இல் தொடங்கிய சங்கம்தான், பெயர் மாறி, இன்று நாட்டின் பழைய வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பாக நிற்கிறது. வேட்டைக்காரர் விதைத்தது பாதுகாப்பாக முளைத்தது.

வழிகாட்டியோடு போகும் கருங்கரடி வேட்டை என்றாலே உலகம் நினைப்பது வட அமெரிக்காவை. அங்கே ஒரு வழிகாட்டியின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1902 நவம்பரில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பிக்குக் கரடி வேட்டைக்கு வந்தார். வழிகாட்டி ஹோல்ட் கொலியர், அடிமையாகப் பிறந்த கறுப்பின மனிதர், அந்தப் பகுதியின் பேர்போன கரடி வேட்டைக்காரர். நாய்கள் விரட்டிய கரடியை அவர் அடித்து மடக்கி, மரத்தில் கட்டிவிட்டு ஜனாதிபதியை அழைத்தார். கட்டிக் கிடப்பதைச் சுட மாட்டேன் என்றார் ரூஸ்வெல்ட். காயம்பட்ட அந்தக் கரடியைக் கத்தியால் கொல்லச் சொன்னதும் அவரே. வாஷிங்டன் போஸ்ட்டில் வந்த கேலிச்சித்திரம் முதல் பாதியை மட்டும் வரைந்தது. ‘டெடி’ பொம்மை பிறந்தது அப்படித்தான். இன்று புத்தளம் கடைத்தெருவில் தொங்கும் பஞ்சுக் கரடிக்கும் அதுதான் பூர்வீகம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் இந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. வெளிநாட்டுக்காரர் பொதுவாக உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் பெரிய விலங்கை வேட்டையாட முடியாது. வசந்தத்தில் பனி உருகிய சரிவுகளில் முதலில் புல் முளைக்கும் இடத்தை வழிகாட்டி தூரக்கண்ணாடியால் தேடுவார். நீண்ட உறக்கம் கலைந்த கரடி அங்கேதான் மேய வரும். இலையுதிர் காலத்தில் பழப்புதர்களும் சால்மன் மீன் ஏறும் ஓடைகளும். பெயர்கள்தான் வேறு, பாலை மரத்துக் கணக்கும் இதுவும் ஒன்றே. அதே கரையோரத்தில் 2005இலிருந்து ரெயின்கோஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு வணிக வேட்டை உரிமங்களையே விலைகொடுத்து வாங்கத் தொடங்கியது. உரிமம் கையில் இருக்கும், சுட மாட்டார்கள். சட்டத்தோடு மல்லுக்கட்டாமல் வேட்டையை நிறுத்த இப்படியும் ஒரு வழி.

அமெரிக்கக் கருங்கரடியை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சுட்டும் அந்த இனம் அழியவில்லை. அப்படியானால் நம் கரடியையும் அளவாகச் சுடலாமே என்று யாராவது கேட்கக்கூடும். கணக்கு அங்கேதான் உடைகிறது. வட அமெரிக்காவில் கருங்கரடிகள் பல இலட்சம். தாய் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று குட்டிகளை ஈனும். இலங்கையில் மொத்தக் கரடிகளே ஆயிரத்துக்குள், ஐந்நூறு வரை குறைந்திருக்கலாம் என்பதே மதிப்பீடு. இங்கே தாய் ஈனுவது ஒன்று அல்லது இரண்டு. அவற்றை ஆறேழு மாதம்வரை, சிலவேளை அதற்கு மேலும், முதுகில் சுமந்து திரிகிறது. உலகின் எட்டுக் கரடியினங்களில் குட்டியை இப்படி வழக்கமாகச் சுமப்பது இது ஒன்றே. தோள் மேல் உரோமத்தைப் பற்றிக்கொண்டு குட்டி உட்கார்ந்திருக்க, தாய் புற்றைப் பிளக்கும். இரண்டு ஆண்டு, அதற்கு மேலும், குட்டி தாயோடுதான். அந்தத் தாய் ஒரு தோட்டாவில் விழுந்தால் இழப்பு ஒன்றோடு நிற்பதில்லை.

குட்டியைச் சுமப்பதற்கும் கரடியின் மூர்க்கத்துக்கும் ஒரே வேர் இருக்கலாம். அமெரிக்கக் கருங்கரடி ஆபத்தைக் கண்டால் மரமேறித் தப்பும். நம் கரடி வளர்ந்தது புலி, சிறுத்தை, யானை உலவும் நாட்டில். சிறுத்தையும் மரமேறும், எனவே மரம் அடைக்கலம் ஆகாது. ஓடித் தப்பவும் முடியாது, ஒளியப் புதரும் குறைவு. மிச்சம் இருக்கும் ஒரே வழி, எதிரி யோசிப்பதற்குள் மேலே பாய்வது. கண் மங்கல், மனிதனை அது மிகக் கிட்டத்தில்தான் உணர்கிறது. உணர்ந்த கணமே பாய்கிறது. இலங்கையில் இன்று புலி இல்லை. ஆனால் இரத்தினபுரிப் பக்கத்தில் கிடைத்த தொல்லெச்சங்கள் ஒருகாலத்தில் இங்கேயும் புலி இருந்ததைக் காட்டுகின்றன. குருவிட்டவில் கிடைத்த விரலெலும்பு ஏறத்தாழ 16,500 ஆண்டுப் பழமை கொண்டது. எதிரி போய்ப் பல்லாயிரம் ஆண்டாகியும் பயம் போகவில்லை. அந்தப் பயத்துக்கு இன்று பலியாவது தேன் எடுக்கவும் விறகு வெட்டவும் தனியாகக் காட்டுக்குள் போகிறவர்கள். காயம் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்.

பேர்பெற்ற ஒரு கரடி வேட்டைக் கதையும் இந்த மூர்க்கத்தைப் பற்றியதே. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் 1957இல் வெளியிட்ட நூலில் மைசூரின் கருங்கரடி என்று ஓர் அத்தியாயம் உண்டு. அரசிக்கெரேக்குக் கிழக்கே உள்ள குன்றுகளில் ஒரு கரடி குறைந்தது பன்னிரண்டு பேரைக் கொன்று, இருபதுக்கு மேற்பட்டோரின் முகத்தைச் சிதைத்தது. குன்றடியில் ஒரு தர்கா. பக்கத்து அத்தி மரத்துப் பழமும் வயலில் விளைந்த நிலக்கடலையும்தான் கரடியை அங்கே இழுத்தன. பழம் உதிரும் மரத்தடியில் மனிதனும் கரடியும் இருட்டில் முட்டிக்கொண்டார்கள். ஆண்டர்சன் பலமுறை முயன்ற பிறகே அதைச் சுட முடிந்தது. வேட்டைக்காரரின் எழுத்தை எவ்வளவு நம்புவது என்பது வாசகர் பாடு. அத்திப்பழக் கணக்கு மட்டும் விலங்கியலுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இலங்கையில் வேட்டையின் கதவு மெல்லத்தான் அடைபட்டது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1938இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் வில்பத்தும் யாலையும் தேசியப் பூங்காக்களாயின. யாலைக்குப் பக்கத்தில் துவக்குக்காரர்களுக்கென்று தனியாக ஒரு காட்டுத் துண்டு ஒதுக்கப்பட்டிருந்ததும் உண்மை. பின்னர் அதுவும் பூங்காவோடு சேர்ந்தது. வில்பத்து ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீட்டர். மணல் நிலத்தில் மழைநீர் தேங்கி நிற்கும் ‘வில்லு’கள்தான் அதன் அடையாளம். போர் அதை 1988இலிருந்து பல ஆண்டு மூடி வைத்தது. 2003இல் திறந்து, 2006இல் கண்ணிவெடி உயிர்களைக் குடித்த பின் மறுபடி மூடி, 2010இல்தான் நிலையாகத் திறந்தது.

ஆராய்ச்சியும் தாமதமாகவே வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சார்ள்ஸ் சந்தியாப்பிள்ளை 1990இல் இலங்கைக் கரடியின் நிலை பற்றி எழுதினார். ஷ்யாமளா ரத்நாயக்கவும் குழுவினரும் வஸ்கமுவவில் கரடிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்தபோது, ஒரு பெண் கரடிக்குச் சராசரி 2.2 சதுர கிலோமீட்டரும் ஆணுக்கு 3.8ம் போதுமாக இருந்தது. கரடிகளுக்கு இது வியப்பூட்டும் அளவு சிறிய பரப்பு. புற்று நெருக்கமாக இருந்தால் அலைய வேண்டியதில்லை. நாடு முழுவதும் விசாரித்துத் தயாரித்த வரைபடத்திலோ கரடியின் வாழிடம் தீவின் 17 வீதத்துக்குள் சுருங்கிக் கிடந்தது. அதில் பெரும் பகுதி பூங்கா எல்லைக்கு வெளியே.

வெளியே என்றால் சேனை, கட்டுத்துவக்கு, பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு. சுருக்குக்குக் கழுத்து எது, கால் எது என்று தெரியாது. பன்றி எது, கரடி எது என்றும் தெரியாது. பாலைப்பழத்துக்காகக் கிளையையே தறித்துத் தள்ளும் பழக்கமும் இருக்கிறது. மிக மெதுவாக வளரும் மரம் அந்தக் கிளையைத் திருப்பித் தருவதற்குள் தறித்தவருக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

புத்தளத்திலிருந்து போகிறவர்கள் இலவங்குளம் வாசலால் நுழைந்து, பொன்பரப்பிப் பக்கத்துப் பழைய மன்னார்ப் பாதையைப் பிடிப்பார்கள். காலை ஆறு மணிக்குத் திறப்பு, மாலை ஆறுக்கு வெளியேறிவிட வேண்டும். ஜீப்பை விட்டு இறங்கத் தடை. ஜூன் மாதத்து மதியம், பயணிகள் பொறுமை இழக்கும் நேரம், வழிகாட்டி கையை மட்டும் உயர்த்துவார். மேலே இலைகள் ஆடும், காற்று இராது. மஞ்சள் பழம் ‘பொத்’ ‘பொத்’ என்று சருகில் விழும். முதலில் புள்ளிமான்கள் தலையை நிமிர்த்தாமலே அந்தப் பக்கம் நகரும். குரங்கா கரடியா என்று ஜீப்புக்குள் குசுகுசுப்பு எழும். பிறகு அடிமரத்தைப் பற்றியபடி, பின்பக்கம் முதலில் தெரிய, கறுப்பாக ஒன்று இறங்கி வரும்.